சுப்பாராவின் ஆய்வுக் கட்டுரைகளும் மேற்கோள் கணக்கும்

உயிர் இரசாயனத்துக்கென அமெரிக்காவில் வெளிவரும் புகழ்பெற்ற ஆராய்ச்சி ஏடு ஒன்றில், 1925ஆம் ஆண்டில் 26 பக்கக் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. இரத்தம், சிறுநீர் போன்றவற்றில் அடங்கியுள்ள பாஸ்பரஸின் அளவை நீலநிறத்தின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிடும் முறையை அது விளக்கிற்று. அதன் ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் சைரஸ் ஃபிஸ்கே. மற்றவர் அவரிடம் ஆராய்ச்சி பயின்றுவந்த ஆந்திர இளைஞர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இருபதாம் நூற்றாண்டின் விஞ்ஞானக் கட்டுரைகளுள் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றின் வரிசையில் இதற்கும் இடமுண்டு. உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளின் அடிக்குறிப்பில் இதைச் சுட்டியுள்ளனர்.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாஸ்டன் நகரின் மருத்துவ ஏடொன்றில் மற்றொரு கட்டுரை வெளியாயிற்று. கடும் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தை அளித்ததில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது என்று டாக்டர் சிட்னி ஃபார்பரும் அவரது துணைவர்கள் நால்வரும் அதில் அறிவித்தனர். மருந்தால் புற்றுநோயை அடக்க இயலும் என்ற நம்பிக்கைக்கு வித்திட்ட கட்டுரைகளுள் இது தலையாயது. அம்மருந்து சுப்பாராவ் வழிநடத்திய ஆராய்ச்சித் திட்டத்தில் பிறந்தது. ஆனால் கட்டுரையின் ஐந்து ஆசிரியர்களுள் அவர் பெயர் இல்லை.

பாஸ்பரஸை அளக்கும் முறை வேதியியற் கூடத்தின் அன்றாடக் கருவிகளுள் ஒன்று. இரத்தப் புற்றுநோயைத் தணித்ததோ மருத்துவ வரலாற்றின் திருப்பம். மேற்கோள் கணக்கில் சுப்பாராவின் பங்காகப் பதிவானது முன்னது மட்டுமே. ஆராய்ச்சியாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியலையும் அவர் பெற்ற மேற்கோள்களையும் கொண்டு அவருக்குப் பதவியும் பணமும் வழங்கும் பழக்கம் நம் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேரூன்றிவிட்ட இந்நாளில், இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதை விரிவாகப் பார்ப்பது பயனுடையது.

பீமவரத்திலிருந்து பாஸ்டனுக்கு

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து மூன்றாம் முறை தேறினார். இந்த விவரம் இன்றைய மாணவர்களுக்கு ஆறுதல் தரக்கூடும். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தமையால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானார் என்றும், அதனால் எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியையே பெற முடிந்தது என்றும் அவரது வாழ்க்கை வரலாறு கூறும். சிலகாலம் சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியராக இருந்தபின் அமெரிக்கா சென்றார். சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ எனப்படும் வெப்பமண்டலக் குடல் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார் என்பதும் அவ்வரலாற்றில் காணும் செய்தி. அந்நோய்க்கு உரிய மருந்தான ஃபோலிக் அமிலம் பின்னாளில் அவரது ஆய்வுக் கூடத்திலேயே உருப்பெற்றது.

ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் அவர் செய்த பணிகள் மூன்று, பாடநூல்களில் இடம்பெறத் தக்கவை. முதலாவது, மேலே கூறிய பாஸ்பரஸ் அளவை முறை. அக்கருவி கைக்கு வந்தபின், தசையில் பாஸ்பரஸ் எவ்வடிவில் உள்ளது என்று தேட முடிந்தது. அதன் பயனாக 1927இல் பாஸ்போகிரியாட்டின் என்னும் பொருளையும், 1929இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் டிரைபாஸ்பேட்டையும் அவர்கள் அறிவித்தனர். உயிரணுக்களின் சக்திச் செலவுக்கு இப்பொருள்களே ஆதாரம் என்பது இன்று பள்ளிப் பாடம். ஏ.டி.பி.யை அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியே கண்டறிந்தார். பாடநூல்கள் பெரும்பாலும் அவர் பெயரையே முன்வைக்கின்றன. சுப்பாராவ் 1930இல் டாக்டர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. அவர் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சில உரிய காலத்தில் வெளியிடப்படாமையால் பிற்காலத்தில் வேறு சிலர் அவற்றை மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, அக்காலத்தில் உடன் பணியாற்றியவரும் 1988ஆம் ஆண்டின் நோபல் பரிசாளர்களுள் ஒருவருமான ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் குறிப்பிட்டுள்ளார். வெளியாகாத கட்டுரைக்கு மேற்கோள் கிடையாது. கணக்கில் முதல் இழப்பு இங்கேயே தொடங்குகிறது.

1940இல் அவர் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக் கூடத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சி இயக்குநரானார். எட்டாண்டுகளே அங்குப் பணி. 1948 ஆகஸ்டில், ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்கள் கடந்த நிலையில், தமது 53ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார்.

பம்பாய் ஆலைத் தொழிலாளரும் ஃபோலிக் அமிலமும்

ஃபார்பரின் மருந்துக்கு முன்கதை உண்டு. அது இந்தியாவில் தொடங்குகிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கு நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே கர்ப்ப காலத்தில் தோன்றும் கடும் இரத்தசோகையை ஆராய்வது அவர் நோக்கம். இடையில் குன்னூர் பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும் எலிகளைக் கொண்டு சோதனைகள் நடத்தினார். இரும்புச் சத்தாலோ அன்றறியப்பட்ட வைட்டமின்களாலோ அச்சோகை தீரவில்லை. ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மலிவான சாறு ஒன்று அதைத் தீர்த்தது. 1931இல் இதை அவர் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த இனம் புரியாத பொருளுக்கு 'வில்ஸ் காரணி' என்ற பெயர் சில காலம் வழங்கிற்று. 1941இல் அமெரிக்காவில் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து இத்தகைய பொருளொன்றைச் செறிவாக்கிய மூவர், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். பெயர் மாறியதும், வில்ஸின் பெயரைப் பிறர் சுட்ட வேண்டிய தேவை குறைந்துபோயிற்று.

ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைத் தெளிந்து அதைச் செயற்கையாகத் தயாரித்த பெருமை லெடர்லி குழுவினரைச் சாரும். கீரையிலிருந்தோ ஈரலிலிருந்தோ பெற்ற அளவு மருத்துவத்துக்கு ஒருபோதும் போதாது. தொழிற்சாலையில் தயாரிக்க வழி கண்டபின்னரே அது மருந்தாயிற்று. இச்சாதனையை விவரிக்கும் 1946ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆசிரியர்கள் 16 பேர். பெயர்கள் இரு பிரிவுகளாக, ஒவ்வொரு பிரிவும் ஆங்கில அகர வரிசையில் அமைந்துள்ளன. முதற்பெயர் ஆங்கியர், சுப்பாராவின் பெயர் ஏழாவது. குழுவை வழிநடத்தியவர் அகர வரிசைக்குத் தம்மை உட்படுத்திக்கொண்டார் என்பதற்கு மேல் இதில் வியப்பில்லை. எனினும் இந்த ஏழாமிடத்தின் விளைவைப் பின்னர்க் காண்போம்.

ஃபோலிக் அமிலச் சேர்மங்களைப் புற்றுநோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தப் புற்றுநோயில் நிலைமை சீர்படுவதற்குப் பதிலாக நோயணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகுவதாக ஃபார்பர் கருதினார். அணுப் பெருக்கத்துக்கு அமிலம் உணவாகிறது என்றால், அதன் உருவை ஒத்த, ஆனால் அதன் வேலையைச் செய்யாத பொருள் ஒன்றைக் கொடுத்து அணுக்களை ஏமாற்றலாம் அல்லவா? பூட்டுக்குள் பொருந்தியும் திறவாத சாவி போன்றது அது. இத்தகைய 'எதிர்ப்பொருள்கள்' லெடர்லியைத் தன் அங்கமாகக் கொண்டிருந்த அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் இரசாயன நிபுணர்களால் வரிசையாகத் தயாரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றே அமினோப்டெரின். அதற்கு மிக நெருங்கியதும், அதனினும் பாதுகாப்பாகக் கையாளத் தக்கதுமான மற்றொன்று மெதோட்ரெக்ஸேட்.

ஃபார்பர் சிகிச்சை அளித்த குழந்தைகளின் நலம் சில வாரங்களோ மாதங்களோதான் நீடித்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. 1956இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த மின் சியூ லீ முதலியோர், கர்ப்பப்பையில் தோன்றும் கோரியோகார்சினோமா என்னும் புற்றுநோய் மெதோட்ரெக்ஸேட்டினால் மறைவதை வெளியிட்டனர். பரவிவிட்ட கட்டி நோயொன்றை மருந்து மட்டுமே கொண்டு தீர்த்த முதல் நிகழ்ச்சி இது எனலாம். அடுத்த பத்தாண்டுகளில் பல மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை வந்தது. கடும் நிணநீரணு வகை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வளம் மிக்க நாடுகளில் இன்று பிழைக்கின்றனர். அச்சிகிச்சையில் மெதோட்ரெக்ஸேட்டுக்கு இன்றும் இடமுண்டு. மூட்டுவாத நோய்க்கும் அது சிறு அளவில் தரப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் நம் நாட்டின் தேசியப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது.

மேற்கோள் அட்டவணை வேலை செய்யும் விதம்

ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனை பேர் பயன்படுத்தினர் என்பதை அறியும் முறை விஞ்ஞானிகளிடமிருந்து வந்ததன்று, வழக்கறிஞர்களிடமிருந்து வந்தது. ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கே ஏற்றன, எங்கெங்கே மறுத்தன என்பதைத் தொகுத்துக் கூறும் 'ஷெப்பர்டு மேற்கோள்கள்' என்ற நூல்வரிசை அமெரிக்காவில் 1873 முதல் வழங்கிவருகிறது. அதே முறையை விஞ்ஞானத்துக்கும் கையாளலாம் என்று 1955இல் யூஜின் கார்ஃபீல்டு முன்மொழிந்தார். அவர் பிலடெல்பியாவில் நடத்திய நிறுவனம், 1961ஆம் ஆண்டில் வெளியான 613 ஏடுகளின் அடிக்குறிப்புகளைத் தொகுத்து, ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்கள் கொண்ட முதல் அட்டவணையை வெளியிட்டது. இதன் தொடர்ச்சியே 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்'. இன்று கணிப்பொறியில் தேடப்படுவது அதன் வழிவந்ததே.

கார்ஃபீல்டின் நோக்கம் நூலகத்துக்கு உதவுவது; பதவி உயர்வுக்கு மதிப்பெண் இடுவதன்று. ஒரு பொருளில் அடிப்படையான பழைய கட்டுரை தெரிந்தால், அதைச் சுட்டிய புதிய கட்டுரைகள் யாவை என அறிந்து, மாணவன் பழையதிலிருந்து புதியதற்கு வந்து சேரலாம். ஆனால் எண்ணக்கூடியது எதுவாயினும் எண்ணப்பட்டே தீரும் என்பது நிர்வாகத்தின் இயல்பு. 1970களிலேயே மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டோரின் பட்டியல்கள் வெளிவரலாயின. 2005இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிக நிபுணர் 'எச் குறியெண்' என்ற எளிய அளவை வகுத்தார். ஒருவரது கட்டுரைகளுள் 10 கட்டுரைகளேனும் தலா 10 மேற்கோள்களையாவது பெற்றிருந்து, 11ஆவது கட்டுரைக்கு 11 மேற்கோள் இல்லையெனில், அவர் குறியெண் 10. ஒரே கட்டுரை பத்தாயிரம் மேற்கோள் பெற்றாலும் குறியெண்ணில் அது ஒன்றாகவே சேரும்.

அச்சில் வந்த பழைய அட்டவணையில் இன்னொரு வழக்கம் இருந்தது. பக்கங்களை மிச்சப்படுத்தும் பொருட்டு, மேற்கோள் காட்டப்பட்ட ஒவ்வொரு கட்டுரையும் அதன் முதல் ஆசிரியர் பெயரில் மட்டுமே பதிவு செய்யப்பட்டது. எனவே 1925ஆம் ஆண்டுக் கட்டுரை பெற்ற மேற்கோள்கள் யாவும் ஃபிஸ்கேயின் பெயரின்கீழ், எஃப் எழுத்துப் பகுதியில் நெடும்பத்தியாக நின்றன. எஸ் எழுத்துக்குப் போய் சுப்பாராவைத் தேடியவருக்கு அவற்றுள் ஒன்றும் தட்டுப்படாது. பாஸ்போகிரியாட்டினும் ஏ.டி.பி.யும் அவ்வாறே. ஃபோலிக் அமிலக் கட்டுரை ஆங்கியரின் பெயரில் இருந்தது. யானைக்கால் நோய்க்கு இன்றும் நம் நாட்டில் ஊர்தோறும் வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையின் மூலமான 1947ஆம் ஆண்டு ஆய்வு, அதன் முதல் ஆசிரியரான ஹூவிட்டின் பெயரில் இருந்தது. அதில் சுப்பாராவ் ஆறாவது ஆசிரியர். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளின் மூத்ததான ஆரியோமைசினும் லெடர்லியில் அவர் இயக்குநராக இருந்த காலத்தியதே; அதை அறிவித்த 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதிய தாவரவியலறிஞர் பெஞ்சமின் டக்கர் ஒருவரே ஆசிரியர். 1994இல் சூரத் நகரில் பிளேக் அச்சம் எழுந்தபோது மக்கள் தேடி அலைந்தது டெட்ராசைக்ளினைத்தான்.

பான்டோதெனிக் அமிலம் பற்றி ஹிச்சிங்ஸுடன் 1939இல் எழுதியது போன்ற சில கட்டுரைகள் சுப்பாராவைத் தலைப்பெயராகக் கொண்டவை. அவையும் அவர் பெயர் பலவாறாக எழுதப்பட்டதால் சிதறும் அபாயம் இருந்தது. ஒரே சொல்லாகவும், நடுவில் பெரிய எழுத்திட்டும், இரு சொற்களாகப் பிரித்தும் அவர் பெயர் அச்சாகியுள்ளது. குடும்பப் பெயர் கடைசியில் வரும் என்று எண்ணிச் செய்யப்பட்ட அட்டவணையில் தென்னிந்தியப் பெயர்கள் படும் பாடு, அயல்நாட்டில் கடவுச்சீட்டு நீட்டிய எவருக்கும் தெரிந்ததே. தமிழ்நாட்டின் தந்தை பெயர் முன்னெழுத்து முறையோ இன்னும் பெருந்தொல்லை.

கார்ஃபீல்டு இக்குறையை உணராதவரல்லர். முதல் ஆசிரியர்களை மட்டும் கொண்டு ஒரு பட்டியலை வெளியிட்டபின், உடன் ஆசிரியர்களையும் சேர்த்து மற்றொன்றை 1978இல் அவரே வெளியிட்டார். இருவர் பட்டியலுக்கும் இடையே பெயர்கள் பெரிதும் மாறின. கணிப்பொறி வந்தபின் எல்லா ஆசிரியர் பெயரிலும் தேட முடிகிறது. குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனால் ஆசிரியர் வரிசையிலேயே இல்லாத பெயரை எந்தக் கணிப்பொறியும் காட்டாது. ஃபார்பரின் கட்டுரை பெறும் ஒவ்வொரு மேற்கோளும் ஐவருக்கே சேரும்.

எண்ணிக்கை எதைக் காட்டுகிறது

மேற்கோள் கணக்கு பயனற்றது என்று இதனால் முடிவு செய்துவிடக் கூடாது. அது ஒன்றைத் துல்லியமாகக் காட்டுகிறது: ஒரு கட்டுரையைப் பிற கட்டுரையாளர்கள் எவ்வளவு கையாண்டனர் என்பதை. அளவை முறையைக் கூறும் கட்டுரை எத்துறையினருக்கும் வேண்டியிருக்கும். ஆகவே அது மலைபோல் மேற்கோள் பெறும். உலகிலேயே மிக அதிக மேற்கோள் பெற்றது புரதத்தை அளக்கும் முறை பற்றி ஆலிவர் லவ்ரி முதலியோர் 1951இல் எழுதிய கட்டுரை. 2014இல் எண்ணியபோது அதன் மேற்கோள் 3 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதனால் அதுவே அந்நூற்றாண்டின் ஆகச் சிறந்த கண்டுபிடிப்பு என்று எவரும் கூறார். மருந்தின் கதை வேறு. மருத்துவர் நோயாளிக்கு மெதோட்ரெக்ஸேட் எழுதித் தருகையில் அடிக்குறிப்பு இடுவதில்லை. மாத்திரையின் பயன் மருத்துவமனைப் பதிவேட்டில் தெரியும்; மேற்கோள் அட்டவணையில் தெரியாது.

காலமும் கணக்கைக் குலைக்கிறது. 1961இல் தொடங்கிய அட்டவணை, 1925ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் 36 ஆண்டு மேற்கோள்களைத் தொடக்கத்தில் அறியவே அறியாது. முந்திய ஆண்டுகளுக்கான தொகுதிகள் பின்னரே சேர்க்கப்பட்டன. அதையும் மீறி ஆயிரக்கணக்கில் எண்ணிக்கை நின்றது என்றால் அம்முறையின் வலிமையை ஊகிக்கலாம். மறுபுறம், ஒரு பணி முற்றிலும் ஏற்கப்பட்டபின் அதைச் சுட்டுவதே நின்றுவிடுகிறது. ஏ.டி.பி.யைப் பற்றி எழுதும் எவரும் இன்று 1929ஆம் ஆண்டின் கட்டுரையைச் சுட்டுவதில்லை. பாஸ்பரஸ் அளவை முறையை 1959இல் பார்ட்லெட் என்பவர் சற்று மாற்றியமைத்தார். அவ்வழியைப் பின்பற்றுவோர் பலர் பார்ட்லெட்டை மட்டும் குறிப்பிட்டு நின்றுவிடுகின்றனர்; அவர்கள் குடுவையில் ஊற்றுவது மட்டும் ஃபிஸ்கே–சுப்பாராவ் கரைசல்தான்.

வாசகர் கூட்டத்தின் அளவையும் மறக்கலாகாது. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி டால், ஹில் ஆகியோர் 1950இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் எழுதினர். புகைத்தலும் புகையிலை மெல்லுதலும் வாய், தொண்டைப் பகுதிப் புற்றுநோய்களுக்குக் காரணமாவது பற்றிப் பம்பாயைச் சேர்ந்த சங்க்வி, ராவ், கனோல்கர் ஆகிய மூவர் அதே ஏட்டில் 1955இல் எழுதினர். கனோல்கர் அதற்கும் முன்னரே, 1945இல், வேட்டியை இடுப்பில் இறுகக் கட்டுவதால் அவ்விடத்தில் தோன்றும் தோல் புற்றுநோயையும், சுண்ணாம்பு கலந்த புகையிலையை உதட்டோரம் அடக்குவதால் வரும் புற்றுநோயையும் விவரித்திருந்தார். இவை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ காணும் நோய்களல்ல. எனவே அங்குள்ள ஏடுகளில் அவற்றைச் சுட்டுவோர் தொகை சிறிதாகவே இருக்கும். ஆயினும் வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லுவது புற்றுநோய்க் காரணி என்று 1985இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு முடிவு கூறியபோது, அதற்கு ஆதாரம் அளித்தவை இவ்வகை ஆய்வுகளே. நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் எத்தனை பேரை வதைக்கிறது என்பதை அறிந்தவர்கள், இந்திய நோயை இந்தியாவில் ஆராய்ந்தவனுக்கு மேற்கோள் குறைவு என்ற காரணத்தால் பணம் மறுக்கப்படுமாயின் அது யாருக்கு நஷ்டம் என்பதையும் அறிவர்.

தேர்வுக் குழுவின் மேசையில்

ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் முறையொன்றைப் பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வகுத்தது. பலர் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குரிய மதிப்பெண்ணில் 60 சதவீதத்தை முதல் ஆசிரியரும் தலைமை அல்லது மேற்பார்வை ஆசிரியரும் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சிய 40 சதவீதம் மற்றெல்லோருக்கும் சமமாகச் சேரும் என்பது அதன் விதி. பின்னர் அது திருத்தப்பட்டது. விதியின் நோக்கம் நியாயமானதே: பெயரை மட்டும் ஒட்டிக்கொள்வோருக்கு முழு மதிப்பெண் போய்ச் சேரக் கூடாது. ஆனால் இதை 1946ஆம் ஆண்டின் ஃபோலிக் அமிலக் கட்டுரைக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஆசிரியர் 16 பேர். முதல்வரையும் தலைமை ஆசிரியர் ஒருவரையும் நீக்கினால் 14 பேர். 40ஐப் பதினான்கால் வகுத்தால் தலைக்கு 2.86 சதவீதம். சுப்பாராவே தலைமை ஆய்வாளர் என்று யாரேனும் சான்றளித்தால் அவர் பங்கு 30 சதவீதம். சான்று இல்லையேல் மூன்றுக்கும் குறைவு. ஒரு சான்றுக் கடிதத்தால் பத்து மடங்கு ஏறியிறங்கும் அளவை, எண் வடிவில் இருப்பதாலேயே துல்லியமானது என்று கொள்ள முடியாது.

மதிப்பெண் முறையை எதிர்ப்போர், முன்பிருந்த நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பரிந்துரையும் செல்வாக்கும் மட்டுமே ஆண்ட குழுக்களை நம் நாடு கண்டதுண்டு. அங்கே எண்ணிக்கை ஓர் ஏழை ஆராய்ச்சியாளனுக்குக் கவசமாகவே இருந்தது. ஆகவே எண்ணைத் தள்ளிவிடுவது தீர்வாகாது. எண் எதிலிருந்து வந்தது என்று கேட்கத் தெரிய வேண்டும். விண்ணப்பதாரர் 80 கட்டுரை எழுதியுள்ளார் என்றால், அவற்றுள் அவர் கையால் செய்த சோதனை எது, கருவி தந்தது எது, மாணவருக்கு வழிகாட்டியது எது என்று கேட்கலாம். மேற்கோள் ஆயிரம் என்றால், அது முறைக் கட்டுரைக்கா, கண்டுபிடிப்புக்கா, பிறர் பணியைத் தொகுத்துக் கூறிய கட்டுரைக்கா என்று பிரித்துப் பார்க்கலாம். கட்டுரை வெளியான ஏட்டின் 'தாக்கக் காரணி'யைக் கட்டுரைக்கே தரமாக ஏற்றிச் சொல்லும் பழக்கத்தைக் கைவிட வேண்டுமென்று 2012இல் சான்பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் ஏட்டாசிரியர்களும் பிரகடனம் செய்தனர். நல்ல ஏட்டில் வந்த எல்லாக் கட்டுரையும் நல்ல கட்டுரை என்பது, நல்ல ஊரில் உள்ளோர் எல்லாம் நல்லவர் என்பது போன்றதே. இவ்வாறு கேட்டறிவதற்கு நேரம் பிடிக்கும். விண்ணப்பங்களைப் படித்துப் பார்க்கவும் வேண்டியிருக்கும். குழு உறுப்பினர்கள் பெரும்பாலும் தட்டிக்கழிக்க விரும்புவது இதைத்தான்.

இப்போது பல ஏடுகள் ஒவ்வோர் ஆசிரியரும் என்ன செய்தார் என்பதைக் கட்டுரையின் இறுதியில் அச்சிடுகின்றன: திட்டமிட்டவர் இன்னார், சோதனை செய்தவர் இன்னார், மருந்தைத் தயாரித்தவர் இன்னார், எழுதியவர் இன்னார் என்று. லெடர்லியின் கட்டுரைகளில் அத்தகைய குறிப்பு எதுவும் இல்லை. சுப்பாராவின் பங்கு என்ன என்பதை அவருடன் பணியாற்றியோரின் நினைவுகளிலிருந்தும், ஆய்வுக்கூடக் கடிதங்களிலிருந்தும் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் ஒவ்வொன்றாகத் திரட்டவேண்டியதாயிற்று. இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது 1995இல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில். அதற்கு வெகுகாலம் முன்னரே, 1953இல், லெடர்லியின் காளான் நிபுணரான ஹெஸல்டைன், கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் வடிகட்டிகளில் வளரும் பூஞ்சை இனம் ஒன்றுக்கு 'சுப்பாரோமைசிஸ்' என்று பெயர் சூட்டியிருந்தார்.